மீள்படிகமாக்கலும் கரைப்பானைத் தெரிதலும்

இரசாயனச் சாலையில் நாம் ஆக்கும் திடப்பொருள் எதுவும் தனித்துப் பிறப்பதில்லை. ஆக்குதற்கு இட்ட மூலப்பொருள்களில் வினைப்படாது எஞ்சியவை ஒருபுறமும், வேண்டாத கிளைவினைகளால் விளைந்தவை மற்றொருபுறமும், தூசியும் நிறமும் பிறிதொருபுறமுமாக அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. இவற்றினின்று வேண்டிய பொருளைப் பிரித்துத் தூய்மை செய்தாலன்றி, அதன் உருகுநிலையை அளப்பதும், அதன் அமைப்பை ஆராய்வதும், அதனை மருந்தாகப் பயன்படுத்துவதும் இயலா. இத்தூய்மை செய்தற்குரிய முறைகள் பலவற்றுள் மிகப் பழமையானதும், எளியதும், இன்றும் பெருவழக்கிலுள்ளதும் மீள்படிகமாக்கல் என்னும் முறையேயாகும்.

அம்முறை யாதெனின்: தூய்மையற்ற திடப்பொருளைக் கொதிக்கும் திரவமொன்றில் கரைத்து, கரையாது நின்றவற்றைச் சூடாக இருக்கும்போதே வடிதாளில் வடித்து நீக்கி, தெளிந்த கரைசலை ஆறவிடுதல். ஆறுங்கால், கரைந்த பொருள் படிகங்களாகப் பிரியும். மாசுகள் திரவத்திலேயே தங்கும். படிகங்களை வடித்தெடுத்து, அதே திரவத்தின் குளிர்ந்த சிறு பகுதியால் கழுவி உலர்த்தினால் தூய பொருள் கிடைக்கும். படிகங்களைப் பிரித்தபின் எஞ்சி நிற்கும் திரவத்தைத் தாய்க்கரைசல் என்பர்.

சொல்லுதற்கு எளிய இம்முறை செய்கையில் பலருக்குத் தோல்வியாக முடிவதேன்? வடித்தலிலும் உலர்த்தலிலும் நேரும் பிழைகள் சிறியனவே. பெரும்பிழை அதற்கு முன்னரே, கரைப்பானைத் தெரிந்துகொள்ளும்போது நேர்ந்துவிடுகின்றது. பொருளை நன்றாகக் கரைக்கும் திரவமே நல்ல கரைப்பான் என்று நினைப்பது புதிய மாணாக்கர் பலருக்கும் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. மீள்படிகமாக்கலுக்கு வேண்டுவது, கொதிக்கும்போது மிகுதியாகவும் குளிர்ந்தபோது மிகக் குறைவாகவும் கரைக்கும் திரவமேயாம். சூட்டிலும் குளிரிலும் ஒருங்கே நன்கு கரைப்பது, வாங்கிய பொருளைத் திருப்பித் தாராத கடனாளியை ஒக்கும். இவ்வொரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் ஏனைய விதிகளெல்லாம் இதனின்று தாமே கிளைத்து வருவதைக் காணலாம்.

முதற்கண் நன்கறிந்த உப்புகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் நீர், 0 டிகிரி செண்டிகிரேட் வெப்பத்தில் ஏறக்குறைய 36 கிராம் கறியுப்பைக் கரைக்கும்; 100 டிகிரியில் ஏறக்குறைய 39 கிராமைக் கரைக்கும். இடையேயுள்ள வேறுபாடு 3 கிராமே. ஆகவே கொதிநீரில் கறியுப்பை நிறையக் கரைத்து ஆறவிடின், நாம் இட்டதில் பன்னிரண்டில் ஒரு பங்கிற்கு மேல் திரும்பி வாராது. உப்பளங்களில் வெயிலால் நீரை வற்றச் செய்து உப்பெடுப்பதன் காரணமும் இதுவே; ஆறவிட்டு எடுத்தற்கு அங்கே வழியில்லை. வெடியுப்போ இதற்கு நேர்மாறானது. 100 கிராம் நீர் 0 டிகிரியில் 13 கிராம் வெடியுப்பையே கரைக்க வல்லது. 100 டிகிரியிலோ 240 கிராமுக்கும் மேலாகக் கரைக்கும்.

இனி, 100 கிராம் வெடியுப்போடு 10 கிராம் கறியுப்புக் கலந்திருப்பதாகக் கொள்வோம். இவ்விரண்டையும் 100 கிராம் கொதிநீரில் கரைத்து 0 டிகிரிக்குக் குளிர்விப்பின், வெடியுப்பில் 13 கிராம் போக எஞ்சிய 87 கிராம் படிகமாக விழும். கறியுப்பு 10 கிராமும் நீரிலேயே நிற்கும்; ஏனெனில் அந்நீர் 36 கிராம் வரையில் அதனைத் தாங்கவல்லது. கூர்மையான கருவி எதுவுமின்றி, நெருப்பும் நீரும் கொண்டே இரண்டு உப்புகள் பிரிந்துவிடுகின்றன. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் கூட்டத்தார் பாட்னாவைச் சூழ்ந்த பீகார்ப் பகுதியினின்று கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற வெடியுப்பு, மண்ணினின்று நீரால் பிரித்துக் காய்ச்சிப் படிகமாக்கப் பெற்றதே. கரைதிறன் என்னும் சொல்லை அறியாத தொழிலாளரும் அதன் பயனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

கரிமப் பொருள்களிலும் விதி இதுவே. கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணாக்கர் பெரும்பாலும் முதன்முதல் தூய்மை செய்யும் பென்ஸாயிக் அமிலத்தை நோக்குக. 100 மில்லிலிட்டர் நீர் 25 டிகிரியில் 0.34 கிராமையும், 100 டிகிரியில் 5.6 கிராமையும் கரைக்கின்றது. ஆதலின் 5 கிராம் அமிலத்தை 100 மில்லிலிட்டர் கொதிநீரில் கரைத்து ஆறவிடின், 0.34 கிராம் நீங்கலாக 4.66 கிராம் மீளும். அஃதாவது நூற்றுக்கு 93 பங்கு. பனிக்கட்டியில் வைத்து 0 டிகிரிக்குக் கொணர்ந்தால் இழப்பு 0.17 கிராமாகச் சுருங்கும். அதே 5 கிராமை, கரையட்டும் கரையட்டும் என்று 300 மில்லிலிட்டர் நீரில் கரைப்பவன், 25 டிகிரியில் ஏறக்குறைய 1 கிராமைத் தாய்க்கரைசலிலேயே விட்டுவிடுகின்றான். எனவே நல்ல கரைப்பானைத் தெரிந்தால் மட்டும் போதாது. கொதிநிலையில் பொருள் கரைதற்கு எத்துணை வேண்டுமோ அத்துணையே கொள்ளுதலும் வேண்டும். இப்பொருளுக்கு நீருக்குப் பதிலாக எதில் ஆல்கஹாலைக் கொண்டால், அறையின் வெப்பத்திலேயே அமிலம் எளிதாகக் கரைந்து, ஆறியபின் பெரும்பகுதி வெளிவாராது நின்றுவிடும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மாசாக உள்ள பொருளும் நாம் வேண்டும் பொருளைப் போன்றே கரைதிறன் உடையதாயின் யாது செய்வது? அப்போதும் முறை பயன்படுதல் வியப்பிற்குரியது. 5 கிராம் பென்ஸாயிக் அமிலத்தோடு, அதற்குச் சமமான கரைதிறனுடைய வேறொரு பொருள் 0.2 கிராம் கலந்திருப்பின், 100 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரும் அந்த 0.2 கிராமைத் தாங்கும் ஆற்றலுடையது. ஆகவே அது படிகமாகாது. அமிலம் மட்டுமே படிகமாகும். அளவிற் சிறுத்தமையே மாசினைத் திரவத்தில் நிறுத்துகின்றது. இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. படிகம் என்பது ஒரேவகை அணுத்திரள்கள் வரிசை பிறழாது அடுக்கப்பெற்ற மாளிகை. வடிவில் வேறுபட்ட அணுத்திரள் அவ்வரிசையிற் பொருந்தாமையால் விலக்கப்படுகின்றது. மெதுவாக ஆறவிடும்போது இவ்விலக்கம் செம்மையாக நடைபெறும். விரைந்து குளிர்விப்பின் பொருந்தாதவையும் இடையிற் சிக்கிக்கொள்ளும். ஆயினும் மாசு மிகுதியாக இருப்பின் ஒருமுறை போதாது. இரண்டு மூன்று முறை செய்தல் வேண்டும்.

நிற்க. சூட்டிற்கும் குளிருக்குமுள்ள வேறுபாடு ஒன்றே கரைப்பானின் தகுதியை முடிவு செய்துவிடாது. அதற்கு வேறு சில இலக்கணங்களும் வேண்டும்.

ஒன்று, கரைப்பான் பொருளோடு வினைபுரிதல் ஆகாது. தாலிக் அன்ஹைட்ரைடைக் கொதிநீரில் கரைத்துப் படிகமாக்க முயல்வோன் அதனைப் பெறான். அது நீரோடு கூடித் தாலிக் அமிலமாகிவிடும். ஹைட்ரஸீன் இனத்துப் பொருள்களை அஸிடோனில் இடுதலும் இத்தகையதே. அவை கரைவதற்குப் பதிலாக அதனோடு கூடிவிடும். நாம் நன்கறிந்த ஆஸ்பிரினைக் காண்க. ஸாலிஸிலிக் அமிலத்தினின்று ஆக்கப்பெறும் இது, நீரோடு நெடுநேரம் கொதிக்குமாயின் மீண்டும் ஸாலிஸிலிக் அமிலமாகவும் அஸிடிக் அமிலமாகவும் சிதையும். ஸாலிஸிலிக் அமிலமோ இரைப்பையைப் புண்படுத்தும் இயல்புடையது. ஆஸ்பிரினிலிருந்து நீக்கவேண்டிய மாசும் அதுவே. தூய்மை செய்யப் புகுந்து மாசினை நாமே உண்டாக்குதல் நகைப்பிற்கிடமன்றோ? ஆதலின் ஆஸ்பிரினைச் சிறிதளவு வெதுவெதுப்பான ஆல்கஹாலில் கரைத்து, வெந்நீர் சேர்த்து, கொதிக்கவிடாது ஆறவைப்பர். கிடைத்த படிகத்தில் ஒரு துணுக்கை ஆல்கஹாலில் கரைத்து ஃபெரிக் குளோரைடுத் துளியை இட்டால், ஸாலிஸிலிக் அமிலம் எஞ்சியிருப்பின் ஊதா நிறம் தோன்றிக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு, கரைப்பானின் கொதிநிலை பொருளின் உருகுநிலைக்குக் கீழே இருத்தல் நலம். இல்லையேல் பொருள் கரையாமல் உருகி, எண்ணெய்போல் அடியில் தங்கும். அவ்வெண்ணெய் மாசுகளைத் தன்னுள் ஈர்த்துக்கொண்டு, ஆறியபின் கட்டியாக உறையும்; படிகமாகாது. ஆனால் இவ்விதியை மட்டும் நம்பியிருத்தலும் கூடாது. அஸிடானிலைடு 114 டிகிரியில் உருகுவது. நீரோ 100 டிகிரியிலேயே கொதிப்பது. எனினும் நீரின் அளவு போதாதபோது, 83 டிகிரிக்கு மேல் அஸிடானிலைடு எண்ணெயாகப் பிரிந்து நிற்கும். நீரை உள்வாங்கிய பொருள் தனக்குரிய வெப்பத்திற்கு முன்னரே உருகிவிடுதலே இதற்குக் காரணம். கொதிக்கும் நீரை மேலும் சிறிது சிறிதாகச் சேர்ப்பின் அவ்வெண்ணெய் மறைந்து தெளிந்த கரைசலாகும். அதனைத் திடமாசு என்று எண்ணி வடித்தெறியும் மாணாக்கன் தன் பொருளையே எறிந்தவனாவான்.

மூன்று, வேலை முடிந்தபின் கரைப்பான் படிகங்களை விட்டு எளிதில் நீங்குதல் வேண்டும். 78 டிகிரியில் கொதிக்கும் எதில் ஆல்கஹாலும், 77 டிகிரியில் கொதிக்கும் எதில் அஸிடேட்டும், 56 டிகிரியில் கொதிக்கும் அஸிடோனும் காற்றோட்டத்திலேயே பறந்துவிடும். 189 டிகிரியில் கொதிக்கும் டைமெதில் ஸல்ஃபாக்ஸைடு எத்தனையோ பொருள்களைக் கரைக்கவல்லதாயினும், படிகங்களைப் பற்றிக்கொண்டு விடாது. இதற்கு எதிர்ப்புறத்தில், 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரும் தக்கதன்று. நம் நாட்டு வேனிலில் அறையின் வெப்பத்திற்கும் அதன் கொதிநிலைக்கும் இடைவெளியே இல்லாமையால், சூட்டிற்கும் குளிருக்குமுள்ள வேறுபாட்டைப் பயன்படுத்த வழியில்லை. அன்றியும் அதன் ஆவி மேசைமீது தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள சுடரையும் பற்றவல்லது.

நான்கு, கரைப்பான் செய்வோன் உடலுக்கும் உண்போன் உடலுக்கும் தீங்கற்றதாக இருத்தல் வேண்டும். இதனை இறுதியிற் கூறினும் எண்ணுங்கால் முதலில் வைத்தல் தகும். பழைய செய்முறைக் குறிப்புகளில் பென்ஸீனில் படிகமாக்குக என்னும் தொடர் பலமுறை வரக் காணலாம். பென்ஸீன் மக்களுக்கு இரத்தப் புற்றுநோயை விளைவிப்பது என்பது இன்று ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மருந்துகளில் எஞ்சி நிற்கத்தக்க கரைப்பான்களுக்கு எல்லை வகுத்துள்ள சர்வதேச நெறிமுறை, பென்ஸீனைத் தவிர்க்கவேண்டியவற்றுள் வைத்து, தவிர்க்கவொண்ணாதவிடத்தும் பத்து லட்சத்தில் 2 பங்கிற்கு மேற்படலாகாது என்கின்றது. எதில் ஆல்கஹால், எதில் அஸிடேட், அஸிடோன், ஹெப்டேன் ஆகியவற்றிற்கோ அவ்வெல்லை பத்து லட்சத்தில் 5000 பங்கு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கின் வேற்றுமை விளங்கும். பழைய ஏட்டில் பென்ஸீன் என்று கண்டவிடத்து டொலுயீனை இட்டு முயலுக. ஹெக்ஸேன் என்று கண்டவிடத்து ஹெப்டேனை முயலுக. ஹெக்ஸேன் ஆவியை நெடுநாள் உட்கொண்டோர்க்குக் கைகால் நரம்புகள் தளர்ந்துபோதல் தொழிற்சாலைகளிற் காணப்பட்ட உண்மை. கண்ணொளியைக் கெடுக்கவல்ல மெதில் ஆல்கஹாலினும், எதில் ஆல்கஹால் பணிசெய்யுமிடத்து அதனையே கொள்ளுதல் அறிவுடைமையாம். ஏடு பழையதென்பதற்காக அதனை இகழவேண்டுவதில்லை; ஆயின் ஏட்டைப் படிப்பவர் நுரையீரல் புதியது என்பதை மறத்தலாகாது.

இத்துணை இலக்கணங்களும் பொருந்திய கரைப்பானைத் தேடத் தொடங்குவது எங்ஙனம்? இயல்பு ஒத்தது இயல்பு ஒத்ததைக் கரைக்கும் என்பது பழைய விதி. ஆடையில் பட்ட எண்ணெய்க்கறை நீருக்கு அசையாது, மண்ணெண்ணெய்க்கு இளகுவதையும், உப்பு மண்ணெண்ணெயில் கரையாது நிற்பதையும் யாவரும் அறிவர். கரைப்பான்களை ஒரு வரிசையாக நிறுத்தலாம். ஒரு முனையில் நீர், அடுத்து மெதில் ஆல்கஹால், எதில் ஆல்கஹால், பின்னர் அஸிடோன், எதில் அஸிடேட், அதற்கப்பால் டொலுயீன், மறுமுனையில் ஹெப்டேன். ஆக்ஸிஜன், நைட்ரஜன் அணுக்களை மிகுதியாக உடைய பொருள்கள் நீர் முனையை நாடும். கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை ஹெப்டேன் முனையை நாடும்.

இவ்விதியைக் கைக்கொள்வதில் ஒரு நுட்பம் உண்டு. பொருளின் இயல்பை முற்றும் ஒத்த கரைப்பான் அதனைக் குளிரிலேயே கரைத்துவிடும். முற்றும் மாறானதோ கொதிநிலையிலும் கரையாது. நாம் நாடவேண்டியது நெருங்கிய உறவுமன்று, அயலுமன்று. சற்றே விலகிய சுற்றம். அந்துருண்டையாக விற்கப்படும் நாப்தலீனைச் சான்றாகக் கொள்க. நீர் அதனைத் தீண்டாது. டொலுயீன் அதனைக் குளிரிலேயே விழுங்கிவிடும். எதில் ஆல்கஹாலோ சூட்டில் ஏற்றுக் குளிரில் விடுவிக்கும். ஆகவே நாப்தலீனுக்கு ஆல்கஹாலே உரியது. இனமொத்த கரைப்பானினின்று வரிசையில் ஓரிரு படி விலகிச் சென்று தேடுக என்பது இதனாற் பெறப்படும்.

எத்துணை எண்ணிப் பார்ப்பினும், கைகண்ட சோதனையே முடிவு கூறும். அதற்குரிய முறையை இனிக் கூறுவாம். பொருளை நன்கு பொடித்து, சோதனைக்குழாய்கள் ஐந்தாறில் குழாய் ஒன்றுக்கு 0.1 கிராம் வீதம் இடுக. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கரைப்பானை 1 மில்லிலிட்டர் விட்டுக் குலுக்குக. குளிரிலேயே கரைந்துவிட்டால் அக்கரைப்பானைத் தனியே பயன்படுத்தற்கில்லை என்று குறித்துக்கொள்க. கரையாதவற்றை வெந்நீர்ப் பாத்திரத்துள் நிறுத்திக் கொதிக்கச் செய்க. எரியும் இயல்புடைய கரைப்பான்களுக்கு அருகே நெருப்புச் சுடர் எதுவும் இருத்தலாகாது. கரையவில்லையெனில் சிறிது சிறிதாக மொத்தம் 3 மில்லிலிட்டர் வரையிற் சேர்க்க. அப்போதும் கரையாதாயின் அக்கரைப்பானும் தள்ளத்தக்கதே. கொதிக்கும்போது முழுதும் கரைந்தவற்றை மட்டும் எடுத்து ஆறவைத்து, பின்னர்ப் பனிக்கட்டியில் நிறுத்துக. நிறைந்த படிகங்கள் விழுமாயின் நாம் தேடியது கிட்டிற்று. விழாவிடின், குழாயின் உட்புறத்தைக் கண்ணாடிக் கோலால் உராய்க. அல்லது பழைய படிகத்துணுக்கு ஒன்றை விதையாக இடுக. கரைசல் செறிவு மிக்கிருந்தும் படிகம் தொடங்குதற்குப் பற்றுக்கோடின்றி நிற்றலும் உண்டு. பனங்கற்கண்டு காய்ச்சுவோர் பாகினுள் நூல் கட்டித் தொங்கவிடுவதும் அத்தகைய பற்றுக்கோட்டின் பொருட்டே.

சிறிது கரைந்ததா, கரையவே இல்லையா என்று ஐயுறுமிடத்து, மேல்நின்ற தெளிந்த திரவத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இட்டு உலரவிடுக. வெண்படலம் தோன்றின் கரைந்தது; தட்டுத் தெளிவாக நின்றால் கரையவில்லை. வேண்டிய பொருள் முழுதும் கரைந்து, கரையாத மாசு மட்டும் அடியில் நிற்குமாயின் அக்கரைப்பானைத் தள்ளவேண்டுவதில்லை. சூடான வடித்தல் அம்மாசினை நீக்கிவிடும்.

சோதிக்கும் வரிசையில் நீரையே முதலில் வைத்தல் நன்று. அது மலிவானது, எரியாதது, நஞ்சற்றது. நீர் உதவாதவிடத்து ஆல்கஹால். அதன்பின் எதில் அஸிடேட். அதன்பின் டொலுயீனும் ஹெப்டேனும். இச்சோதனை முழுதிற்கும் செலவாவது ஒரு கிராமுக்கும் குறைந்த பொருளும் அரைமணி நேரமுமே. இதனைச் செய்யச் சோம்பிப் பத்துக் கிராமையும் முதற்கண் அகப்பட்ட திரவத்தில் கொட்டுவோன், அவ்வரைமணியை ஈட்டப் பல நாள் உழைப்பைப் பணயம் வைக்கின்றான்.

தனித்த கரைப்பான் எதுவும் பொருந்தாவிடின், இரண்டைக் கூட்டிக் கொள்ளலாம். ஒன்று பொருளை நன்கு கரைப்பதும், மற்றொன்று கரையாததுமாக இருத்தல் வேண்டும். இரண்டும் தம்முள் எவ்வளவிலும் கலத்தலும் வேண்டும். நீரும் ஆல்கஹாலும் கலக்கும். எதில் அஸிடேட்டும் ஹெப்டேனும் கலக்கும். நீரும் ஹெப்டேனும் கலவா. பொருளை நன்கு கரைக்கும் சூடான திரவத்தில் முதலிற் கரைத்து, கரையாத திரவத்தையும் சூடாக்கித் துளித்துளியாக விடுக. கலங்கல் தோன்றி மறையாது நிற்கும் நிலை வந்தவுடன் நிறுத்தி, முதற்றிரவத்தில் ஓரிரு துளி சேர்த்துத் தெளியச் செய்து ஆறவிடுக. முன்னர்க் கூறிய ஆஸ்பிரினுக்கு ஆல்கஹாலும் நீரும் கூட்டாகப் பயன்பட்டமை இதற்குச் சான்று. இங்கும் கருத்து அதுவே. மிக நெருங்கியதையும் மிக விலகியதையும் கலந்து, இடைப்பட்ட ஒன்றை நாமே ஆக்கிக்கொள்கின்றோம்.

கரைப்பானைத் தெரியும் திறத்தால் அரிய காரியம் முடித்தவர்களுள் மேரி கியூரி அம்மையாரைக் குறிப்பிடாமலிருத்தல் இயலாது. 1898-ஆம் ஆண்டில் தம் கணவர் பியேர் கியூரியோடு ரேடியம் உண்டென்று அறிவித்த பின்னர், அதனைக் கையிற் கொள்ளும் பொருளாகக் காட்டுதல் அவருக்குக் கடனாயிற்று. டன் கணக்கான தாதுக்கழிவினின்று பிரித்த பேரியம் குளோரைடினுள் ரேடியம் குளோரைடு மிகச் சிறிதளவே கலந்திருந்தது. இரண்டும் இயல்பில் உடன்பிறந்தாரை ஒத்தவை. ஒரே படிகத்துள் இரண்டும் கூடி அமர்பவை. ரேடியம் குளோரைடு சற்றே குறைவாகக் கரையும் என்னும் சிறு வேறுபாடு ஒன்றே அவருக்குத் துணை. கொதிக்கும் தூய நீரில் கரைத்து ஆறவிட்டு, ரேடியம் மிக்க படிகங்களைப் பிரித்து, அவற்றை மீண்டும் மீண்டும் கரைத்துப் படிகமாக்கினார். பொருளின் அளவு சுருங்கச் சுருங்க, நீரில் கரைந்து இழப்பதைக் குறைத்தற்பொருட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த நீரைக் கரைப்பானாகக் கொண்டார். அதில் இவ்வுப்புகள் குறைவாகவே கரையும். இங்ஙனம் 1902-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 0.1 கிராம் ரேடியம் குளோரைடைப் பெற்று, ரேடியத்தின் அணுஎடை 225 என்று கணக்கிட்டார். இன்று கொள்ளப்படும் எண் 226. அத்துணை எளிய கருவிகளால் உண்மைக்கு அத்துணை அருகே அவரைக் கொண்டுசென்றது மீள்படிகமாக்கலேயாம்.

கரைப்பான் படிகத்தின் தூய்மையை மட்டுமன்றி அதன் உருவத்தையும் மாற்றவல்லது என்பதையும் ஈண்டுக் கூறுதல் தகும். ஒரே பொருளின் அணுத்திரள்கள் இருவேறு வகையாக அடுக்கப்பெற்று இருவேறு படிகங்களாதல் உண்டு. அவற்றின் கரைதிறனும் வேறுபடும். எய்ட்ஸ் நோய்க்கு மருந்தாக 1996-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ரிடோனவிர், 1998-ஆம் ஆண்டில் எதிர்பாராவகையில் புதியதொரு படிகவடிவில் தோன்றலாயிற்று. அவ்வடிவம் முன்னதினும் மிகக் குறைவாகவே கரைவது. மருந்துறைகளினுள்ளே ஆல்கஹால் கலந்த திரவத்தில் நின்ற மருந்து, குறைவாகக் கரையும் அப்படிகமாகப் பிரிந்துவிட்டது. உண்போர் உடலில் அது போதிய அளவு சேராதென அவ்வுறைகள் விற்பனையினின்று நீக்கப்பட்டு, புதிய முறையில் மருந்து அமைக்கப்பெற வேண்டியதாயிற்று. பொருள் ஒன்றே, தூய்மையும் குறையவில்லை. அடுக்கு மாறிற்று, அவ்வளவே. நோயாளி ஒருவர் நாளும் உண்ணும் மருந்து கிடைப்பதும் கிடையாமையும் படிகம் எத்திரவத்தில் எவ்வாறு பிரிகின்றது என்னும் வினாவைப் பற்றி நிற்றல் இதனால் விளங்கும்.

ஆதலின் ஆய்வுக்கூடம் புகும் இளைய மாணவ அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவன சில. கரைப்பானைப் புத்தகத்தில் தேடுமுன் பொருளின் அமைப்பை நோக்கி, அது எவ்வினத்தது என்று எண்ணுக. எண்ணியதைச் சோதனைக்குழாயிற் சரிபார்க்க. தகுதியுடையவை இரண்டு கிடைப்பின் தீங்கு குறைந்ததைக் கொள்க. பொருந்திய கரைப்பானை மட்டுமன்றி, பொருந்தாதவற்றையும், அவை குளிரிலேயே கரைத்தமையாற் பொருந்தவில்லையா, சூட்டிலும் கரையாமையாற் பொருந்தவில்லையா என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க. அடுத்த ஆண்டு அதே மேசைக்கு வருவோர்க்கு அது பேருதவியாகும். இறுதியில் உருகுநிலையை அளக்க. தூய பென்ஸாயிக் அமிலம் 122 டிகிரியில் சட்டென்று உருகும். மாசுடையது அதற்குக் கீழே தொடங்கிப் பல டிகிரி வரையில் மெல்ல மெல்ல உருகும். படிகம் கண்ணுக்கு எத்துணை அழகாகத் தோன்றினும், வெப்பமானி கூறுவதையே சான்றாகக் கொள்க. தாய்க்கரைசலை மட்டும் அவ்வளவீடு முடியும் வரையிற் கொட்டிவிடற்க. எதிர்பார்த்த எடை வாராதவிடத்து, எஞ்சிய பொருள் பெரும்பாலும் அதனுள்ளேயே இருக்கும்.